வாய்ப்பந்தல்

சிவமயம்

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.
10.12.1995

அன்பெனும் ஆழியில் விளைந்த முத்தே, எம் குலம் விளங்க வந்த குத்துவிளக்கே, என் அருமைத் தமக்கையார் இராசமலர் அவர்களின் திருவடித் தாமரைகளுக்கு இளவல் கனகலிங்கம் இருகரம் கூப்பி வரைந்துகொள்வது.

இரணைமடுத் தாயின் அருட்புனல் பாயும் இப்புண்ணிய பூமியிலே அடியேனும், இல்லத்தரசி கமலாசனியும், எங்கள் ஏகபுத்திரி கௌசலாவும் எம்பெருமான் கருணையால் மூவரும் நலமாக இருக்கின்றோம். கமலாசனிக்கு மட்டும் இந்தப் பனிக்குத் தொய்வு எழும்பி மூச்சுக் கொஞ்சம் இழுக்கிறது. வவுனியா மாநகரிலே தாங்களும் தங்கராசா அத்தானும் திடகாத்திரத்துடன் திகழ்கின்றீர்களா என அறிய என் நெஞ்சம் விம்முகின்றது.

யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த சனத்தால் ஊர் நிரம்பி வழிகிறது. பள்ளிக்கூட வகுப்பறைகளில் குடும்பங்கள் இருப்பதால் பிள்ளைகள் மர நிழலில் படிக்கிறார்கள். கௌசலா உயர்தரம் படிக்கிறாள். ஆனையிறவுப் பக்கமிருந்து ஷெல் வரும் நாட்களில் மரநிழலும் இல்லை.

வீரகத்தியர் காலமான செய்தி கேட்டிருப்பீர்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் செத்தவர் புகழை அச்சடித்துக் கொடுக்கும் கல்வெட்டை நானே பாடினேன். கொப்பித் தாளில்தான் அச்சு, வேறு கடதாசி இல்லை. "கேட்டவர்க்கெல்லாம் ஈந்து சிவந்த கரத்தான்" என்று தொடங்கினேன். அயல் சனம் தண்ணீர் அள்ளிவிடும் என்று கிணற்றுக் கயிற்றைக் கழற்றி வீட்டுக்குள் வைத்த மனுசன் அவர். நான் எழுந்து படித்தபோது அவருடைய பெண்சாதியே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தா. ஆனாலும் ஒருவர் விடாமல் ஒவ்வொன்று வாங்கிக்கொண்டு போனார்கள். கல்வெட்டு என்றால் அப்படித்தானே அக்கா. எழுதுபவனும் நம்புவதில்லை, வாசிப்பவனும் நம்புவதில்லை, ஆனால் அது இல்லாவிட்டால் செத்தவருக்கு மரியாதை இல்லை.

என் கையெழுத்து அச்சுக்காரருக்கு விளங்காது என்பதால் கௌசலாதான் படியெடுத்துத் தருவாள். இந்த முறை எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "அப்பா, வீரகத்தியர் மெய்யாவே எல்லாருக்கும் குடுத்தவரோ?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

தங்கள் பொன்மடல் காண விழிமேல் விழி வைத்துக் காத்திருக்கும்,
சொல்லேருழவன் கனகலிங்கம்

---

வவுனியா.
29.12.1995

அன்புள்ள தம்பி லிங்கத்துக்கு அக்கா எழுதுவது.

இங்கே நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். எனக்குச் சீனி வருத்தம், அத்தானுக்கு முழங்கால். என் திருவடியில் தாமரை ஒன்றும் இல்லை, பித்தவெடிப்புத்தான். கமலாவின் தொய்வுக்கு அத்தான் மருந்து வாங்கி இதோடு அனுப்பியிருக்கிறார்.

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். "சரியான புளுகு" என்றார். நான் இல்லை என்றேன். புளுகுகிறவனுக்கு அதில் ஏதாவது ஆதாயம் இருக்கும். சவடால் விடுகிறவனுக்குச் சண்டைக்கு ஓர் ஆள் வேண்டும். அளக்கிறவனுக்கு வாய் பார்த்துக்கொண்டு இருக்க ஒருவன் வேண்டும். உனக்கு இது ஒன்றும் வேண்டாம். நீ போடுவது வாய்ப்பந்தல். கப்பு இல்லை, கிடுகு இல்லை, வாயாலேயே பந்தல் போட்டு, வாயாலேயே தோரணமும் கட்டி, எல்லாரையும் வந்து இருங்கோ என்று கூப்பிடுவாய். வெயிலுக்கும் உதவாது, மழைக்கும் உதவாது. ஆனால் பார்க்கச் சந்தோசமாகத்தான் இருக்கும், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை.

இனி விசயத்துக்கு வருகிறேன். மாட்டு மருந்து வாங்க வந்த உங்கள் ஊர்க்காரர் இதைக் கையோடு கொண்டு வருவதால் எழுதுகிறேன். அங்கே இயக்கம் கூட்டம் வைத்துச் சண்டைக்குப் பிள்ளைகளைக் கேட்கிறது என்று இங்கே வருகிற சனம் எல்லாம் சொல்கிறது. கௌசலாவுக்குப் பதினேழு வயது. அவளை எங்களிடம் அனுப்பு. இங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது, என் அறையிலேயே படுக்கட்டும். வெளியே வர இயக்கம் கொடுக்கிற பாசுக்கு எழுதிக் கொடு. பிள்ளைக்குக் கண் வருத்தம், வவுனியா ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வரி. உன் கையைக் கட்டிக்கொண்டு எழுது. இரண்டு வரி எழுதியவன் பிள்ளையோடு தாண்டிக்குளச் சோதனைச்சாவடி தாண்டி வந்துவிடுகிறான். நிறைய எழுதினால் நிறையக் கேட்பார்கள்.

கௌசலாவுக்கு மாமியின் அன்பைச் சொல். தைப்பொங்கலுக்கு முன் அவள் இங்கே வந்துவிட வேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்ந்திருக்கிறேன்.

அக்கா
இராசமலர்

---

சிவமயம்

உருத்திரபுரம்.
24.01.1996

தாயினும் சாலப் பரிந்தூட்டும் தமக்கையாருக்குத் தாள் பணிந்து எழுதும் மடல்.

நாங்கள் மூவரும் நலம். தாங்கள் அனுப்பிய மருந்தால் கமலாசனிக்கு மூச்சு இலேசாகியிருக்கிறது. தங்கள் சீனியும் அத்தானின் முழங்காலும் தணிந்திருக்கும் என்று நம்புகின்றேன்.

பாசுக்கு விண்ணப்பித்துவிட்டேன். கண் வருத்தம் என்று ஒரு வரியில் எழுத என் பேனைக்கு மனம் வரவில்லை அக்கா. "வான்மதியை ஒத்த வதனத்திலே வைகறை வெள்ளியென ஒளிர்ந்த என் செல்வத் திருமகளின் நயனங்கள் இன்று கார்முகில் மூடிய கதிரவனாய்க் களையிழந்து" என்று தொடங்கி மூன்று தாள் எழுதினேன். கௌசலா படியெடுக்கும்போது, "எனக்குக் கண் நல்லாத் தெரியுதே அப்பா" என்றாள்.

என்ன நடந்தது தெரியுமா. பாஸ் கொடுக்கும் பொறுப்பாளர் அதை வாசித்தார். பிறகு அடுத்த அறையிலிருந்தவர்களைக் கூப்பிட்டு உரத்து வாசித்தார். எனக்குக் கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்து, "ஐயா, இவ்வளவு நாளும் எங்கை இருந்தனீங்கள்?" என்று கேட்டார். வாழ்நாளில் ஒருவர் அப்படி என்னைக் கேட்டதில்லை. பாஸ் விசயம் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். அதற்கிடையில் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு கூட்டம், அதில் பிள்ளைகளைப் போருக்கு அழைத்து நான் பேச வேண்டுமாம். மறுத்தால் பாசும் போய்விடும் என்று ஒப்புக்கொண்டேன்.

பொங்கலுக்கு மறுநாள் பேசினேன். ஜெனரேற்றர் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, கிளிநொச்சிச் சந்தை வரைக்கும் கேட்டதாம். மாலை போட்டார்கள். கமலாசனிக்குத்தான் பிடிக்கவில்லை. நான் சொன்னேன், வீரகத்தியர் வள்ளல் என்று பாடியதை யாராவது நம்பினார்களா, அதுபோல இதுவும் ஒரு மேடைக்கதைதானே. கௌசலா முன்வரிசையில் இருந்து கேட்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

தங்கள் உடல் பேணி என் உளம் காக்க வேண்டும்.

அன்பின் அடிமை,
கனகலிங்கம்

---

வவுனியா.
08.02.1996

தம்பி,

எனக்குச் சீனி கூடியிருக்கிறது. அத்தான் சுகம். நீங்கள் மூன்று பேரும் சுகம் என்று கேட்டதில் ஆறுதல்.

உன் கடிதத்தை வாசித்த அன்று நான் சாப்பிடவில்லை. இரண்டு வரி எழுது என்று சொன்னேன். இரண்டே வரி. நீ மூன்று தாளில் பந்தல் போட்டிருக்கிறாய். தேத்தண்ணியும் கதிரையும் கிடைத்தது என்று சந்தோசமாக எழுதுகிறாய். பாஸ் எங்கே?

வீரகத்தியரை உனக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும். அவர் எவ்வளவு கொடுத்தவர் என்று கிணற்றடியில் நின்று கண்ட சனம் அது. அதனால் சிரித்தார்கள். மைதானத்தில் இருந்த பிள்ளைகள் எதைக் கண்டார்கள்? நீ சொல்வதைத்தானே முதன்முதலாகக் கேட்கிறார்கள். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைக்கு மேடைக்கதை எது, மெய்க்கதை எது என்று யார் சொல்லிக் கொடுத்தது?

இனி மேடையில் ஏறாதே. தொண்டை கட்டிவிட்டது என்று சொல். போய்ப் பாசைக் கேள். பேசாமல் போய் நின்று கேள். உனக்கு அது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கமலாவையும் கூட்டிக்கொண்டு போ, அவள் கதைக்கட்டும்.

கௌசலாவுக்கு இரண்டு சட்டை தைத்து வைத்திருக்கிறேன். அளவு தெரியாமல் கொஞ்சம் பெரிதாகவே வெட்டினேன். வந்து போட்டுப் பார்க்கட்டும்.

கோபத்தில் எழுதிவிட்டேன். உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா

---

சிவமயம்

உருத்திரபுரம்.
12.03.1996

அன்புள்ள அக்காவுக்கு வணக்கத்துடன் எழுதுவது.

நாங்கள் நலம். உங்கள் சீனி பற்றிக் கவலையாக இருக்கிறது. பாகற்காய் விடாமல் சாப்பிடுங்கள்.

காலபோக நெல் வெட்டு முடிந்து சூடடிப்பும் ஒப்பேறிவிட்டது. விளைச்சல் மோசமில்லை. இடையில் நான் சில இடங்களுக்குப் பேசப் போக வேண்டியிருந்தது. மோட்டார்சைக்கிள் அனுப்புகிறார்கள். தொண்டை கட்டிவிட்டது என்று ஒருமுறை சொன்னேன். அடுத்த நாளே தேனும் திப்பிலியும் கொண்டுவந்து தந்தார்கள்.

எங்கள் வயலில் வேலை செய்யும் பொன்னையாவை உங்களுக்குத் தெரியும், எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து வந்தவர். அவருடைய ஒரே மகன் பிரதாபன் கூட்டத்துக்கு வந்திருந்தவன் வீட்டுக்குத் திரும்பவில்லை. பொன்னையா படலையடியில் வந்து நின்றார். உள்ளே வாருங்கள் என்றேன், வரவில்லை. "ஐயா, நீங்க பேசுனதக் கேட்டுப்புட்டுத்தான் போயிருக்கான். நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா விட்டுருவாங்க. நீங்க சொன்னா யாரும் கேப்பாங்களே" என்றார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

போய்க் கேட்டேன். பொறுப்பாளர் சிரித்தார். "ஐயா, உங்கடை பேச்சைக் கேட்டுத்தான் அவன் வந்தவன். இப்ப நீங்களே திரும்பிக் கேக்கிறியளே" என்றார். கௌசலாவின் பாசைப் பற்றிக் கேட்டேன். அப்போது அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். "ஊர்ப் பிள்ளையளைக் கூப்பிடுற வாய் உங்கடை வாய். உங்கடை மகளை வவுனியாவுக்கு அனுப்பினால் சனம் என்ன கதைக்கும்? யோசிச்சுப் பாருங்கோ."

யோசித்துக்கொண்டு சைக்கிளை உருட்டியபடி வந்தேன். ஆனாலும் அக்கா, காலம் கனியும், கார்முகில் கலையும், கதிரவன் உதிப்பான். நாம் கலங்கத் தேவையில்லை.

பொன்னையா இப்போது வேலைக்கு வருவதில்லை.

தம்பி
கனகலிங்கம்

---

வவுனியா.
25.03.1996

தம்பி லிங்கத்துக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை.

கார்முகிலையும் கதிரவனையும் வாசித்த கையோடு இதை எழுத இருக்கிறேன். நீ பயப்படும்போதுதான் இப்படி எழுதுவாய். சந்தோசத்தில் எழுதுவது வேறு மாதிரி இருக்கும், அதில் பகிடி இருக்கும்.

பாசை மறந்துவிடு. அத்தான் வேறு வழி விசாரிக்கிறார். அதை இதில் எழுத முடியாது. ஒருவர் வந்து கமலாவிடம் மருந்து கொடுப்பார், அவர் சொல்வதைக் கேளுங்கள். அதுவரைக்கும் கௌசலாவைக் கூட்டங்களுக்குக் கூட்டிக்கொண்டு போகாதே. உன் பேச்சுகளைப் படியெடுக்கக் கொடுக்காதே. நீ சொல்வது வெறும் அலங்காரம் என்று அவளை முன்னால் இருத்தி உன் வாயாலேயே சொல். வெட்கமாகத்தான் இருக்கும். சொல்.

அவள் எனக்குக் கடிதம் எழுதி எவ்வளவு நாளாயிற்று. இரண்டு வரி எழுதச் சொல்.

அக்கா

---

சிவமயம்

உருத்திரபுரம்.
22.04.1996

அறத்தின் நாயகியே, அன்பின் பிறப்பிடமே, பாசத்தின் பசுஞ்சோலையே, என் தெய்வத் தமக்கையாரே.

மலர்ந்திருக்கும் தாது வருடம் தங்களுக்கும் அத்தானுக்கும் தங்கநிகர் வாழ்வைத் தருவதாகுக. வீட்டில் இருவரும் நலம். தங்கள் நலம் விழைகின்றோம்.

சித்திரைத் திங்களின் செங்கதிர்ச் செல்வன் தன் ஆயிரம் கரங்களாலும் வன்னி மண்ணை வாரியணைக்கின்றான். இரணைமடுவின் மதகுகள் திறந்து, சிறுபோகத்துக்கான நன்னீர் வாய்க்கால்தோறும் வெள்ளிச் சலங்கை கட்டி ஆடி வருகின்றது. கொக்கினம் கூட்டம் கூட்டமாய் வெண்தாமரை பூத்தாற்போல் வரப்பெல்லாம் வீற்றிருக்கின்றது. மருத நிலத்தின் மாண்பை எழுத ஆதிசேடனுக்கும் ஆயிரம் நா போதா. பாரியின் பறம்பு நாடும் இதற்கு நிகரோ என எண்ணி எண்ணி நெஞ்சம் இறும்பூது எய்துகின்றது.

பசுமாடு பெட்டைக்கன்று போட்டிருக்கின்றது. நாகு.

காலை மாலை இருவேளையும் கந்தன் கழலடி பணிந்து வாழ்ந்து வருகின்றோம். தங்கள் பாதத் திருக்கமலங்களைச் சிரமேற் கொண்டு,

சொல்லேருழவன் கனகலிங்கம்

---

வவுனியா.
06.05.1996

தம்பி,

வருடப்பிறப்புக்கு நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. உடம்புகள் பரவாயில்லை.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். வெயில் இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது, கொக்கு இருக்கிறது, கன்றுக்குட்டி நாகு என்று கூட இருக்கிறது. கௌசலாவின் பெயர் எந்த இடத்திலும் இல்லை. "வீட்டில் இருவரும் நலம்" என்று எழுதியிருக்கிறாய். உங்கள் வீட்டில் மூன்று பேர்.

அத்தான் அனுப்பிய ஆள் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தார். "போன இடத்திலை ஆள் இல்லை" என்று மட்டும் சொன்னார். என் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு முடியவில்லை.

லிங்கம், இனி உன்னைக் கேட்கவில்லை. நீ மறுபடியும் கொக்கைப் பற்றித்தான் எழுதுவாய். கமலா, உன்னைத்தான் கேட்கிறேன். பிள்ளை எங்கே?

இராசமலர்

---

உருத்திரபுரம்.
27.05.1996

அன்புள்ள மச்சாளுக்கு கமலாசனி எழுதுவது. நீங்களும் அண்ணையும் சுகமாயிருக்க வேண்டும். எனக்குத் தொய்வு விடவில்லை, அது பரவாயில்லை.

நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாத ஆள். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

பிள்ளை பங்குனிக் கடைசியில் போய்விட்டாள். பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். கூட்டிக்கொண்டு போக வேண்டாம் என்று நீங்கள் எழுதிய கடிதம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. அன்றைய பேச்சை முதல் நாள் அவள்தான் வடிவான எழுத்தில் படியெடுத்துக் கொடுத்தாள். இவர் மேடையில் நின்று, வீட்டுக்குள் விளக்காக இருப்பதிலும் பார்க்க வெளியில் தீயாக இருப்பவளே மகள் என்று ஏதோ சொன்னார். எனக்கு அது முழுக்க விளங்கவும் இல்லை. முன்வரிசையில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் எழும்பினாள். தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். நேரே மேடைக்குக் கிட்டப் போய் நின்றாள். அவளைக் கண்டதும் வேறு பிள்ளைகளும் எழும்பினார்கள்.

எல்லாரும் கை தட்டினார்கள் மச்சாள். இவரும் தட்டினார். தட்டாமல் அதிலை எப்பிடி நிக்கிறது எண்டு பிறகு என்னைக் கேட்டார். பேச்சில் மிச்சம் இருந்ததையும் வாசித்து முடித்தார்.

வீட்டுக்கு வந்து குசினி வாசலில் இருந்துகொண்டு, "சும்மா மேடைக்கதையெண்டு அவளுக்குத் தெரியாதே? என்ரை பிள்ளைக்குத் தெரியாதே?" என்று கேட்டபடியே இருந்தார். "நீங்கள் ஒருநாள் எண்டாலும் அவளுக்குச் சொன்னியளோ?" என்றேன்.

இவர் இன்னும் பேசப் போகிறார். உங்களுக்கு அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தொடர்ந்து பேசினால் பிள்ளையை அலுவலகத்தில் எழுத்து வேலைக்கு வைத்திருப்போம் என்று சொல்லியிருக்கிறார்களாம். பிள்ளைக்கு வடிவான எழுத்துத்தானே. அதனால் இவர் போகிறார், ஒவ்வொரு கூட்டத்திலும் யாரோ ஒரு பிள்ளை எழும்புகிறது. கடைக்குப் போனால் சனம் எனக்கு இடம் விட்டு விலகி நிற்கிறது. பொன்னையாவின் பெண்சாதி என்னைக் கண்டால் மற்ற ஒழுங்கையால் போகிறாள். அவளுக்கு நான் என்ன சொல்ல.

உங்கள் சீனியைக் கவனியுங்கோ. நீங்கள் தைத்த சட்டைகளை யாருக்கும் கொடுத்துவிடாதேங்கோ.

கமலாசனி

---

வவுனியா.
10.06.1996

தம்பி லிங்கத்துக்கும் கமலாவுக்கும்,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீங்கள் சாப்பிடுகிறீர்களா?

லிங்கம், நான் உன்னைப் பேசப்போவதில்லை. பேச வேண்டியதை எல்லாம் முன்பே பேசிவிட்டேன், ஒன்றும் உதவவில்லை. இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மருந்து லொறிகளோடு உங்கள் பக்கம் வந்து போகிற பாதிரியார் ஒருவரை அத்தான் பிடித்திருக்கிறார். பெரிய இடத்தில் அவருடைய சொல்லுக்கு மதிப்பு இருக்கிறதாம். அவர் உங்கள் வீட்டுக்கு வருவார். ஒரே பிள்ளை, பதினேழு வயது, தாய்க்குத் தொய்வு என்று ஒரு விண்ணப்பம் எழுதி அவரிடம் கொடுங்கள். அதை நீ எழுதாதே. கமலா எழுதட்டும்.

அதோடு இன்னொன்று. அவள் எந்த இடத்தில் இருக்கிறாள் என்று மட்டும் கேட்டு அறிந்துகொள். இடம் தெரிந்தால் நானே வந்து வாசலில் இருப்பேன். எனக்கு இனி என்ன பயம்.

கமலாவைத் தனியே விடாதே. நேரத்துக்கு மருந்து கொடு.

அக்கா

---

உருத்திரபுரம்.
11.07.1996

அன்புள்ள அக்காவுக்கு,

கமலாசனிக்குத் தொய்வு கூடி இரண்டு கிழமை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தேன். இப்போது வீட்டில். நேற்று அங்கிருந்த நோயாளர்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டில்களை வெறுமையாக்கி, கழுவி, வரிசையாக விட்டிருக்கிறார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. உங்கள் உடம்பு எப்படி?

பாதிரியார் வந்தார். கமலா எழுதியதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். நல்ல மனுசன், திரும்பி வந்து உள்ளதைச் சொன்னார். "அந்தப் பிள்ளை தானாய் வந்தவ. தகப்பனே மேடையிலை நிண்டு கை தட்டினவர்" என்று பதில் சொன்னார்களாம். கமலா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாள்.

கௌசலா இப்போது எழுத்து வேலையில் இல்லை. ஆனி நடுவில் மாற்றிவிட்டார்களாம். எங்கே என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரியாததே ஐயா, அதெல்லாம் சொல்லுறதில்லை" என்றார்கள். நான் பேசியதெல்லாம் பேசித் தீர்ந்த பிறகுதான் எனக்கு இது தெரிய வந்தது.

போன கிழமை பொறுப்பாளர் வீட்டுக்கு வந்தார். இனிப் பேச வர வேண்டாம் என்றார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு சொன்னார், கல்வெட்டு மாதிரி இரங்கற்பா எழுதித் தர வேண்டுமாம். யாருக்கு என்று கேட்டேன். "இப்பவே எழுதி வைச்சால் நல்லது ஐயா. பிறகு உங்களுக்கும் நேரம் இராது, அச்சுக்கும் நேரம் இராது. பேருக்கு இடம் விட்டு எழுதுங்கோ" என்றார். ஆண்பிள்ளைகளுக்கு ஒரு கட்டு, பெண்பிள்ளைகளுக்கு ஒரு கட்டு. மறுத்தால் அவளை எங்கே விடுவார்களோ என்று நினைத்தேன். ஒப்புக்கொண்டேன்.

ஆண்பிள்ளைகளுக்கு எழுதுவது இலேசாக இருந்தது. வேங்கை, சிங்கம், வெஞ்சமர் என்று பழைய சாமான்களை அடுக்கினேன், தானாக வந்தது. பெண்பிள்ளைகளின் கட்டில் கை நின்றுவிட்டது. ஒரு பெண்பிள்ளையை நினைத்தால்தானே எழுதலாம். எனக்கு நன்றாகத் தெரிந்த பெண்பிள்ளை ஒருத்திதான்.

எழுதி முடித்துவிட்டு எல்லாவற்றையும் சேர்த்து வாசித்தேன். ஒன்றில் மழை வந்ததும் கொப்பியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வயல்வரம்பால் ஓடி வருகிறாள். இன்னொன்றில் தாய்க்கு மூச்சு முட்டும்போது முதுகைத் தடவியபடி இருந்தபடியே உறங்கிப்போகிறாள். ஒன்றில் சிரட்டைப்பூரானைக் கண்டு கதிரையில் ஏறி நிற்கிறாள். ஒன்றில் தகப்பன் சொல்வதை மெய்யென்று கேட்டுக்கொண்டு இருக்கிறாள். அதில் ஒரு சொல் கூட மிகை இல்லை அக்கா. முழுக் கட்டும் அவள்தான். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு நான் இத்தனை முறை எழுதிவிட்டேன்.

அடுப்பில் போடத்தான் எடுத்துக்கொண்டு போனேன். அதற்குள் மோட்டார்சைக்கிள் வந்துவிட்டது. பொறுப்பாளர் முற்றத்தில் நின்றபடியே ஒன்றை வாசித்தார். வாசித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். "இவ்வளவு நாளும் நீங்கள் எழுதினதிலை இதுதான் திறம் ஐயா" என்று சொல்லி, அந்தக் கட்டைத் தன் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

இன்று காலையிலிருந்து ஒழுங்கையால் பிள்ளைகளை ஏற்றிய லொறிகள் போனபடி இருக்கின்றன. கமலா படலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், ஒவ்வொரு லொறிக்குள்ளும் எட்டிப் பார்க்கிறாள். உள்ளே வா என்றால் வருகிறாளில்லை. இதைக் கொண்டு வருபவர் புறப்படப் போகிறார். நீங்கள் மாத்திரையை நேரத்துக்கு எடுங்கள். அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள். பெண்பிள்ளைகளின் கட்டைத் திரும்ப வாங்கிவர அந்தப் பாதிரியாரை இன்னும் ஒருமுறை அனுப்ப முடியுமா என்று கேளுங்கள், அச்சுக்கூடத்துக்கு.

தம்பி
கனகலிங்கம்